நினைவகச் சில்லில் பிழைத்திருத்தம்: ‘எந்த இடத்தில்?’ என்ற பாதிக் கதை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

சில்லு வடிவமைப்பைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். கல்லூரி மாணவர்கள், சர்வர் பார்த்துக்கொள்ளும் நண்பர்கள், புது ராம் வாங்கப் போகும் சொந்தக்காரர்கள் என்று பலரும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். இசிசி (நினைவகப் பிழையைக் கண்டு திருத்தும் முறை, ECC) என்றாலே எல்லோருக்கும் ஹேமிங் கணக்கு மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. அந்தக் கணக்கு எந்த இடத்தில் போடப்படுகிறது, கிடைத்த விடையை யார் எங்கே குறித்துவைக்கிறார்கள் என்பதைக் கேட்பவர்கள் குறைவு. எனக்குச் சுவையாகத் தெரிவது அந்த முகவரிப் பக்கம்தான். கேள்விகளை அவர்கள் கேட்ட பாஷையிலேயே விட்டிருக்கிறேன்.

ராம்ல ஏன் பிழை வருது? டிஜிட்டல்னா 0 இல்ல 1, அவ்வளவுதானே?

வெளியே வரும்போதுதான் அது 0 அல்லது 1. உள்ளே இருப்பது ஒரு குட்டி மின்தேக்கியில் தேங்கிய மின்னூட்டம், சில பத்தாயிரம் எலக்ட்ரான்கள். அது கசியும். அருகில் ஒரு துகள் பாய்ந்தால் மாறும். 1978-இல் இன்டெல் நிறுவனத்தின் திமோதி மே, முர்ரே வுட்ஸ் இருவரும் ஒன்றைக் காட்டினார்கள்: சில்லின் மேலுறைப் பொருளில் கலந்திருந்த யுரேனியம், தோரியம் துணுக்குகள் வெளிவிடும் ஆல்ஃபா துகள்களே பிட்டைப் புரட்டப் போதும். உறைப்பொருளைச் சுத்தமாக்கிய பிறகும் விண்வெளிக் கதிர்களால் உண்டாகும் நியூட்ரான்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

ஆனால் எல்லாப் பழியையும் வானத்தின்மேல் போட முடியாது. கூகுள் தன் சர்வர்களை வைத்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் ஆண்டில் 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட ராம் ஸ்டிக்குகளில் திருத்தக்கூடிய பிழை ஒன்றாவது வந்திருந்தது. அதிலும் பெரும்பகுதி, எப்போதாவது வந்துபோகும் பிழை அல்ல. பலவீனமான அதே இடங்கள் திரும்பத் திரும்பக் கொடுத்த தொல்லை என்பதையே அந்தத் தரவு காட்டியது. ‘அதே இடம்’ என்றால், அந்த இடத்தின் முகவரி நமக்கு வேண்டும். கீழே வரும் கேள்விகளில் பாதி அதைச் சுற்றித்தான்.

இசிசி எப்படித் தப்பான பிட்டைக் கண்டுபிடிக்குது? இன்னொரு காப்பி வச்சிருக்கா?

காப்பி கிடையாது. தரவோடு சில சரிபார்ப்பு பிட்களைச் சேர்த்து வைக்கிறது. பெல் ஆய்வகத்தில் இருந்த ரிச்சர்ட் ஹேமிங் 1950-இல் வெளியிட்ட வழி இது. வார இறுதியில் ஓடவிட்டுப் போன கணக்கை, பிழை ஒன்றைக் கண்டதும் இயந்திரம் அப்படியே கைவிட்டுவிடும். பிழை இருப்பது தெரிகிறது என்றால், எங்கே என்று ஏன் தெரியக்கூடாது என்று அவர் எரிச்சலோடு யோசித்ததில் பிறந்தது.

சிறிய கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். 1 முதல் 7 வரை ஏழு இடங்கள். 3, 5, 6, 7-இல் தரவு; 1, 2, 4-இல் சரிபார்ப்பு பிட்கள். முதல் குழு 1, 3, 5, 7. இரண்டாவது 2, 3, 6, 7. மூன்றாவது 4, 5, 6, 7. ஒவ்வொரு குழுவிலும் 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கும்படி சரிபார்ப்பு பிட்டை நிரப்ப வேண்டும். தரவு 1011 என்றால் முழுதும் சேர்ந்து 0110011 என்று வரும். இப்போது 6-ஆவது இடம் புரண்டு 0110001 ஆகிவிட்டது என்று வையுங்கள். முதல் குழு சரியாக இருக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் உதைக்கும். குழுவின் எடை என்பது அதன் சரிபார்ப்பு பிட்டின் இட எண். உதைத்த குழுக்களின் எடை 2, 4. கூட்டினால் 6. கெட்ட இடம் அதுதான்.

இந்த விடைக்கு சிண்ட்ரோம் என்று பெயர். கவனியுங்கள், சிண்ட்ரோமே ஒரு முகவரிதான். எந்த பிட் என்பதைச் சொல்லும் குட்டி முகவரி. இருப்பது 0, 1 இரண்டே என்பதால் இடம் தெரிந்துவிட்டால் மருந்தும் தெரிந்துவிடும்: புரட்டிப் போட வேண்டியதுதான்.

டிடிஆர்5 வாங்கினாலே இசிசி உள்ளேயே இருக்குன்னு கடைக்காரர் சொல்றார். உண்மையா?

பாதி உண்மை. டிடிஆர்5 என்பது டிடிஆர்4-க்கு அடுத்த தலைமுறை ராம். நினைவகத் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பு 2020 ஜூலையில் வெளியிட்ட டிடிஆர்5 தரத்தின்படி, சில்லுக்குள்ளேயே 128 தரவு பிட்டுக்கு 8 சரிபார்ப்பு பிட் வீதம் வைத்து, ஒரு பிட் பிழையைச் சில்லே திருத்திக்கொள்கிறது. இந்த 136 பிட்களைக் கீழே ‘கட்டு’ என்று சொல்கிறேன். ஆனால் இந்தத் திருத்தம் சில்லின் வாசலோடு முடிந்துவிடும். வாசலில் இருந்து பிராசஸர் வரை உள்ள கம்பியில் நடக்கும் பிழைக்கு இது காவல் இல்லை. படிக்கும்போது திருத்தினால் ‘திருத்தினேன்’ என்று பிராசஸருக்குச் சொல்வதும் இல்லை.

கடையில் ‘இசிசி ராம்’ என்று தனி விலைக்கு விற்பது வேறு. அதில் சரிபார்ப்பு பிட்டுக்கென்று கூடுதல் சில்லு இருக்கும். கணக்கைப் போடுவது பிராசஸரில் உள்ள மெமரி கன்ட்ரோலர், அதாவது ராமோடு பேசும் பகுதி. 8 பிட் அகலச் சில்லுகள் பதித்த டிடிஆர்4 ஸ்டிக்கின் ஒரு தொகுதியில் 8 சில்லுக்குப் பதில் 9 இருக்கும், அதாவது 64 தரவு பிட்டுக்கு 8 சரிபார்ப்பு பிட். டிடிஆர்5-இல் 8-க்குப் பதில் பெரும்பாலும் 10. சந்தேகம் வந்தால் எண்ணிப் பார்த்துவிடலாம்.

64 பிட்டுக்கு 8 சரிபார்ப்பு பிட், 128 பிட்டுக்கும் 8-தானா? கணக்கு உதைக்குதே?

உதைக்கவில்லை, வாங்கும் பொருள் வேறு. ஒரு பிட்டைத் திருத்த மட்டும் போதும் என்றால், r சரிபார்ப்பு பிட்களால் உண்டாகும் 2ʳ எண்கள் எல்லா இடங்களுக்கும், ‘பிழை இல்லை’ என்ற ஒன்றுக்கும் போதுமானதாக இருக்க வேண்டும். 64 தரவு பிட்டுக்கு 7 போதும். 128-க்கு 8 போதும். ஸ்டிக்கில் உள்ள இசிசி 64-க்கு 7 என்று நிறுத்தாமல் இன்னொன்று சேர்த்து 8 ஆக்குகிறது. அந்த ஒரு பிட்டின் கூலி: இரண்டு பிட் கெட்டால் திருத்த முடியாது, ஆனால் கெட்டிருக்கிறது என்றாவது சொல்லும். சில்லுக்குள் இருக்கும் இசிசிக்கு அந்த வசதி இல்லை.

அப்போ சில்லுக்குள்ள ஒரே கட்டில் ரெண்டு பிட் கெட்டா என்ன ஆகும்?

மோசமாகலாம். இரண்டு பிழைகள் சேர்ந்து ஏதோ ஒரு சிண்ட்ரோமைக் கொடுக்கும். 8 பிட்டில் சுழியம் அல்லாத எண்கள் 255. அதில் 136 ஏற்கெனவே ஏதோ ஓர் இடத்தின் முகவரி. ஆக ஏறத்தாழ பாதி வாய்ப்பில், சம்பந்தமே இல்லாத மூன்றாவது பிட்டின் முகவரி வரும். சில்லும் நம்பிக்கையோடு அதைப் புரட்டிவிடும். இரண்டு பிழை மூன்றாகும். முகவரி கேட்டுப் போய் அடுத்த வீட்டுக் கதவை உடைத்த கதை.

எனவே ஒரு கட்டில் இரண்டாவது பிட் கெடுவதற்குள் முதலாவதைச் சரிசெய்துவிட வேண்டும்.

படிக்கும்போதுதானே திருத்துது. மாசக்கணக்கா யாருமே படிக்காத இடத்துல?

நல்ல கேள்வி, கூடவே ஒரு திருத்தம். படிக்கும்போதும் சில்லு வெளியே அனுப்பும் பிரதியைத்தான் திருத்துகிறது. உள்ளே செல்லில் (பிட்டை வைத்திருக்கும் அந்தக் குட்டி மின்தேக்கியில்) இருக்கும் தப்பு அப்படியே இருக்கும். யாராவது அங்கே புதிதாக எழுதும்வரை அது போகாது.

அதனால்தான் ஒரு துப்புரவு வேலை தேவைப்படுகிறது. ஒவ்வொரு கட்டாக எடுத்து, பிழை இருந்தால் திருத்தி, திரும்ப அதே இடத்தில் எழுதிவைப்பது. சர்வர்களில் மெமரி கன்ட்ரோலர்கள் இதை வெகுகாலமாகவே செய்கின்றன. டிடிஆர்5-இல் சில்லே செய்கிறது. இசிஎஸ் என்று பெயர். ‘பிழை பார்த்துத் துடை’ என்று சொல்லலாம்.

அதுதான் ரெஃப்ரெஷ் இருக்கே? எல்லா நிரையும் படிச்சுத் திருப்பி எழுதுதே, அதுவே போதாதா?

போதாது. இதில் சறுக்காதவர்கள் குறைவு. (செல்கள் அடுக்கியிருக்கும் கட்டத்தில் கிடைவரிசை நிரை, நெடுவரிசை நிரல்; பள்ளியில் அணிக் கணக்கில் படித்த அதே பொருள். கசியும் மின்னூட்டத்தை அவ்வப்போது புதுப்பிப்பதுதான் ரெஃப்ரெஷ்.) ரெஃப்ரெஷ் செய்யும்போது ஒரு நிரை முழுதும் உணர்பெருக்கிகளுக்கு (செல்லின் மெல்லிய சைகையைப் பெருக்கும் சுற்றுகள்) வந்து, 0 அல்லது 1 என்று முடிவாகி, அதே செல்லுக்குப் பலமாகத் திரும்பிப் போகிறது. அந்த வழியில் இசிசி சுற்று இல்லை. அது தள்ளி, நிரல் தேர்வுக்கும் அப்பால் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே ஏற்கெனவே புரண்டுவிட்ட பிட் இருந்தால், ரெஃப்ரெஷ் அந்தத் தப்பைப் புது மின்னூட்டத்தோடு உறுதிப்படுத்திவிடும்.

இசிஎஸ் எந்த முகவரிக்குப் போகணும்னு யார் சொல்றாங்க?

வெளியிலிருந்து யாரும் சொல்வதில்லை. ‘இப்போது ஒன்று செய்’ என்ற கட்டளை வேண்டுமானால் வெளியிலிருந்து வரலாம். முகவரி உள்ளே இருக்கும் கவுண்டரிலிருந்து வருகிறது.

8 பிட் அகலமுள்ள 16 கிகாபிட் டிடிஆர்5 சில்லை எடுத்துக்கொள்வோம். சில்லுக்குள் தனித்தனியே நிரைகளைத் திறக்கக்கூடிய பகுதிதான் பேங்க். 8 பேங்க் குழுக்கள், குழுவுக்கு 4 என மொத்தம் 32 பேங்க். பேங்குக்கு 65,536 நிரைகள். நிரைக்கு 8,192 தரவு பிட், அதாவது 64 கட்டுகள். பெருக்கினால் 13,42,17,728 கட்டுகள், சரியாக 2-இன் 27-ஆம் படி. ஆக 27 பிட் கவுண்டர் வேண்டும்: நிரலுக்கு 6, நிரைக்கு 16, பேங்குக்கு 5. ஒரு கட்டு முடிந்ததும் நிரல் எண் ஒன்று கூடும். நிரல் சுற்றி வந்ததும் நிரை எண். நிரைகள் தீர்ந்ததும் அடுத்த பேங்க். மைல்மானியில் கிலோமீட்டர் உருளுவது போலத்தான்.

முழுச் சில்லையும் 24 மணி நேரத்தில் ஒரு சுற்று முடிக்க வேண்டும் என்பது தரம் சொல்லும் வேகம். 86,400 நொடியை 2²⁷-ஆல் வகுத்தால் ஒரு கட்டுக்கு 0.644 மில்லி நொடி. நொடிக்கு சுமார் 1,553 கட்டுகள். சில்லு பெரிதாகப் பெரிதாக இந்த இடைவெளி சுருங்கும். 32 கிகாபிட் என்றால் பாதி.

நடுவுல நடுவுல புகுந்தா கம்ப்யூட்டர் வேகம் குறையாதா?

புகுவதற்குத் தனி நேரம் கேட்காமல் ரெஃப்ரெஷ் நேரத்திலேயே ஒட்டிக்கொள்ளும் வழி இருக்கிறது. டிடிஆர்5-க்கு வழக்கமாக 3.9 மைக்ரோ நொடிக்கு ஒரு ரெஃப்ரெஷ் கட்டளை வரும். அந்த நேரத்தில் எப்படியும் சில்லை யாரும் தொட முடியாது. தானியங்கி முறையில் சில்லு சுமார் 165 ரெஃப்ரெஷ்ஷுக்கு ஒன்றைத் துடைப்பு வேலைக்கு எடுத்துக்கொண்டால் 0.644 மில்லி நொடிக் கணக்கு நேராகிவிடும். பயனர் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

ஆனால் வடிவமைப்பவருக்குத் தலைவலி இங்கேதான். முகவரியைப் பார்த்து நிரையைத் திறக்கும் நிரை டிகோடருக்கு முன்னால் இப்போது பல முகவரிகள் வரிசையில் நிற்கின்றன: வெளியிலிருந்து வரும் சாதாரண முகவரி, ரெஃப்ரெஷ் கவுண்டரின் முகவரி, இசிஎஸ் கவுண்டரின் முகவரி. இவற்றுக்குள் ஒன்றைத் தேர்வு செய்யும் சுற்று சரியான கணத்தில் மாற வேண்டும். அதோடு ரெஃப்ரெஷ் ஒரே நேரத்தில் எல்லா பேங்குகளிலும் நிரைகளைத் திறக்கலாம், நிரல் முகவரி அதற்குத் தேவையில்லை. இசிஎஸ்ஸுக்கு ஒரே பேங்கில் ஒரே நிரை, அதில் ஒரே கட்டு போதும். அப்புறம் அதைப் படித்துத் திருத்தித் திரும்ப எழுதும்வரை அந்த முகவரியைப் பிடித்து வைத்திருக்கவும் வேண்டும். கவுண்டர் ஒரு கடிகாரத் துடிப்பு முன்கூட்டியே நகர்ந்துவிட்டால், திருத்திய தரவு அடுத்த கட்டில் போய் விழும். பிழைத்திருத்தச் சுற்றே பிழையை உண்டாக்கும் நிலை. சரிபார்ப்பு வேலையில் நாங்கள் அதிக நேரம் செலவிடுவது ஹேமிங் கணக்கில் அல்ல, இந்த ஒரு துடிப்பில்தான்.

பிழை கிடைச்சா அந்த இடத்தை எங்க எழுதி வைக்குது?

எல்லாவற்றையும் எழுதிவைக்க இடம் கிடையாது. எனவே ஒரு சிக்கனம். ஒவ்வொரு நிரையைத் துடைக்கும்போதும் அதில் எத்தனை கட்டுகளில் பிழை என்று எண்ணுகிறது. நிரை முடிந்ததும் அந்த எண்ணை, இதுவரை கண்ட அதிகபட்சத்தோடு ஒப்பிடுகிறது. புது எண் பெரிது என்றால், எண்ணையும் அந்த நிரையின் முகவரியையும் சேர்த்து மாற்றிவைக்கிறது. இல்லாவிட்டால் அப்படியே போகிறது. ஒரு சுற்றின் முடிவில், மிக மோசமான ஒரே ஒரு நிரையின் முகவரி கையில் இருக்கும்.

அதை மோட் ரெஜிஸ்டர்களில், அதாவது சில்லில் எண்ணிட்டு வைத்திருக்கும் சிறு பதிவிடங்களில் படிக்கலாம். 16, 17, 18 ஆகிய மூன்றில் முகவரி. நம் சில்லில் நிரை 16, பேங்க் 2, குழு 3 என 21 பிட். 19-இல் அந்த நிரையின் பிழை எண்ணிக்கை, 20-இல் மொத்த எண்ணிக்கை. மொத்தம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் 20-இல் தெரியும். வரம்புக்குக் கீழே உள்ள பிழைகளை நாம் பார்க்க வேண்டாம் என்பது தயாரிப்பாளர்களின் விருப்பம் என்று நினைக்கிறேன். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

அந்த மோசமான நிரையை என்ன செய்றது? சில்லையே தூக்கிப் போடணுமா?

தேவையில்லை. ஒவ்வொரு பேங்கிலும் உபரி நிரைகள் சில இருக்கும். தொழிற்சாலையிலேயே கெட்ட நிரைகளுக்குப் பதில் அவற்றை மாட்டித்தான் விற்கிறார்கள். குறையே இல்லாமல் பிறக்கும் சில்லு அரிது. வேலை செய்யும் விதம் எளிது. கெட்ட நிரையின் முகவரி ஃப்யூஸ்களில் எழுதப்பட்டிருக்கும். முகவரி ஒன்று வரும்போதெல்லாம் ஒப்பீட்டுச் சுற்று அதோடு ஒப்பிடும். பொருந்தினால் வழக்கமான நிரைக்குப் போகாமல் உபரி நிரை திறக்கும்.

விற்ற பிறகும் இதைச் செய்ய டிடிஆர்4 காலத்திலிருந்து வழி உண்டு. ஃப்யூஸை எரித்து நிரந்தரமாக மாற்றுவது ஒரு வகை. மின்சாரம் இருக்கும்வரை மட்டும் நிற்கும் தற்காலிக மாற்றம் இன்னொரு வகை. முந்தைய பதிலில் சொன்ன நிரை முகவரி இங்கேதான் பயன்படுகிறது. மாற்றிய பிறகும் இசிஎஸ் கவுண்டருக்கு எதையும் சொல்ல வேண்டியதில்லை. அது பழைய முகவரியையே கொடுக்கும், ஒப்பீட்டுச் சுற்று அதை உபரி நிரைக்குத் திருப்பிவிடும்.

சரி, முகவரியே தப்பா போய்ச் சேர்ந்தா இசிசி கண்டுபிடிக்குமா?

சாதாரண இசிசி கண்டுபிடிக்காது. ஒருமுறை சிமுலேஷனில் முகவரிக் கம்பி ஒன்றை 0-இல் கட்டிவைத்து ஓட்டினோம். இசிசி ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ‘எல்லாம் சரி’ என்றது. அது சொன்னதில் தப்பில்லை. வேறு இடத்துத் தரவு வந்தது. அந்தத் தரவும் அதன் சரிபார்ப்பு பிட்களும் ஒன்றுக்கொன்று சரியாகவே பொருந்தியிருந்தன. கேட்டது அதுவல்ல என்பது மட்டும்தான் குறை.

கம்பியில் வரும் பிழைக்கு ஒரு பாதுகாப்பாக, டிடிஆர்4-இல் கட்டளையோடும் முகவரியோடும் ஒரு பாரிட்டி பிட் (1-களின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்று சரிபார்க்க உதவும் பிட்) அனுப்பும் வசதி வந்தது. இன்னும் ஆழமான வழி, சரிபார்ப்பு பிட்களைக் கணக்கிடும்போதே முகவரியையும் சேர்த்துக்கொள்வது. கார்களுக்கான மைக்ரோகன்ட்ரோலர்களில் இப்படிச் செய்வதுண்டு. முகவரியைத் தனியே சேமிப்பதில்லை. படிக்கும்போது நாம் கேட்ட முகவரியை வைத்து மீண்டும் கணக்கிட்டால் போதும், வேறு இடத்திலிருந்து வந்த தரவு என்றால் பொருந்தாது.

அதுக்குக் கூடுதல் பிட் வேண்டாமா?

வேண்டாம் என்பதுதான் அழகு. ஐபிஎம்மின் சியாவ் 1970-இல் வெளியிட்ட முறையில், ஒவ்வோர் இடத்துக்கும் ஒற்றைப்படை எண்ணிக்கையில் 1-கள் உள்ள 8 பிட் எண் ஒன்றைக் கொடுப்பார்கள். அப்படிப்பட்டவை மொத்தம் 128. நம் 64+8-க்கு 72 போக 56 மிச்சம். அந்த 56-ஐ முகவரி பிட்களுக்குப் பங்கிடலாம். முகவரியில் ஒரு பிட் மாறினால், சிண்ட்ரோம் எந்தத் தரவு பிட்டின் எண்ணாகவும் இருக்காது, எச்சரிக்கை வரும். இரண்டு மாறினால் இரட்டைப்படையாகி, அதற்கும் எச்சரிக்கை வரும். மூன்று மாறினால் ஏதாவது ஒரு தரவு பிட்டின் எண்ணோடு தற்செயலாக ஒத்துப்போகலாம். அப்போது மேலே சொன்ன அடுத்த வீட்டுக் கதவுக் கதைதான்.

தப்பான முகவரியில எழுதிட்டா? அதையும் பிடிச்சுடுமா?

பாதியைப் பிடிக்கும். ‘அ’வில் எழுத வேண்டியது ‘ஆ’வில் விழுந்தது என்று வையுங்கள். பின்னால் யாராவது ‘ஆ’வைப் படித்தால், உள்ளே இருப்பது ‘அ’ முகவரியோடு கணக்கிட்டது என்பதால் பொருந்தாது, பிடிபடும். ஆனால் ‘அ’வைப் படித்தால்? அங்கே பழைய தரவு, பழைய சரிபார்ப்பு பிட்கள், சரியான முகவரி. எல்லாம் பொருந்தும். பழைய மதிப்பு சத்தமில்லாமல் போய்ச் சேரும். அதனால்தான் முகவரி கலந்த இசிசி இருந்தாலும் கம்பியில் பாரிட்டியும் வேண்டும் என்று வாதாடுவேன். எழுதும் கணத்திலேயே தடுத்தால்தான் ‘அ’வைக் காப்பாற்ற முடியும்.

ரோஹேமர் தாக்குதலை இசிஎஸ் தடுக்குமா?

இல்லை. ஒரு நிரையை மீண்டும் மீண்டும் திறந்து மூடினால் பக்கத்து நிரையின் பிட்கள் புரளும் என்பதை 2014-இல் யூங்கு கிம், ஓனுர் முட்லு குழுவினர் விரிவாகக் காட்டினார்கள். அது ஒரு ரெஃப்ரெஷ் சுற்றுக்குள், அதாவது டிடிஆர்5-இல் 32 மில்லி நொடிக்குள் நடக்கும் விஷயம். இசிஎஸ் ஒரே கட்டுக்குத் திரும்பி வர ஒரு நாள் ஆகும்.

கவுண்டர் பாதி வழியில இருக்கும்போது கரண்ட் போனா, எங்க விட்டதோ அங்கிருந்து தொடருமா?

தொடராது, முதலிலிருந்துதான். தினமும் அணைத்துவைக்கும் கணினியில் முழுச்சுற்று முடியவே முடியாது. அதனால் நட்டம் ஒன்றும் இல்லை. கரண்ட் போனதும் ராமில் இருந்த தரவும் போய்விட்டது, துடைக்க ஏதும் மிச்சமில்லை.

நட்டம் வேறு இடத்தில். மோட் ரெஜிஸ்டரில் இருந்த அந்த மோசமான நிரையின் முகவரியும் கூடவே போய்விடும். எனவே சர்வர் பார்த்துக்கொள்பவர்கள், பிழை வருகிறது என்று முதல் வேலையாக மெஷினை அணைத்துப் போடாதீர்கள். இசிஎஸ் விவரத்தைப் படிக்க உங்கள் போர்டில் வசதி இருந்தால் முதலில் அதைப் படித்து எழுதிவைத்துக்கொண்டு, அப்புறம் அணையுங்கள்.